தள்ளு, கேளு, இழு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மிக்ஸி ப்ளக்கைச் சொருகினாலும் சரி, செல்போன் சார்ஜரைச் சொருகினாலும் சரி, சொருகிய கையோடு ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். "அதான் சொருகிட்ட இல்ல, அப்புறம் இன்னாத்துக்குப் புடுங்கற?" என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் கேட்டார். "புடுங்கினா வரலன்னாதான் சொருகினதுன்னு அர்த்தம்" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் மேலே கேட்டால் என்ன கிடைக்கும் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பழக்கத்தால் ஒரு வேன் பிழைத்தது. என் வாய்க்கொழுப்பும் அன்றைக்குத்தான் கொஞ்சம் அடங்கியது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் இருக்கும். ஒரகடம் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேடி வேன் அனுப்பி வேலைக்கு எடுத்தார்கள். மானாம்பதியிலிருந்து நான் ஒருத்தி. காருக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் கத்தை கத்தையாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. எனக்குப் போக ஆசை. என் நைனாவுக்கு அனுப்ப மனசில்லை. நெல்லும் வேர்க்கடலையும் தவிர வேறு எதையும் நம்பாத மனுஷர் அவர். மூன்று நாள் நான் சோறு தின்னாமல் சண்டை போட்ட பிறகு, வேன் யாருடையது என்று விசாரிக்கப் போனார். திரும்பி வந்து ஒரே வார்த்தையில் முடித்தார்.

"அந்த ஆளு வண்டின்னா போ. வேற வண்டின்னா வேணாம்."

அந்த ஆள் என்று அவர் சொன்னது உத்திரமேரூரில் இருந்த வேன் அண்ணாவை. நாற்பது வயசு இருக்கும். சொந்த வேன், அதற்கு அவரேதான் டிரைவர். சாயங்காலம் எங்களை ஒவ்வொருத்தராக இறக்கிவிடும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார். இறங்கியவள் தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய்க் கையை ஆட்டும்வரை வண்டியை எடுக்கமாட்டார். தெரு இருட்டாக இருந்தால் ஹெட்லைட்டை அவள் வீட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பதினெட்டு பெண்களுக்குப் பதினெட்டு முறை. எங்களுக்கு வீடு போய்ச் சேர நேரமாகும்; கத்துவோம். அவர் ஒலிபெருக்கியில் பேசுகிறவர் மாதிரி, "பொறுமை, பொறுமை, அவுங்கம்மா கதவ தொறக்கல" என்பார். இந்தக் கதையைத்தான் நைனா யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வேனையும் அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். முந்தைய சொந்தக்காரர் எப்படி வைத்திருந்தாரோ, இவர் கைக்கு வந்ததிலிருந்து அது தினமும் குளித்தது. ஏறும்போது செருப்பைத் தட்டிவிட்டு ஏறாவிட்டால் முகம் சுருங்கிவிடும். திட்டமாட்டார்; முகம் மட்டும் சுருங்கும். எனக்கு அது திட்டுவதைவிட மோசம். திட்டினால் நான் திருப்பித் திட்டிவிடுவேன்.

கம்பெனியில் எனக்குக் கொடுத்த வேலை, ஒயர் முனையில் இருக்கிற சின்ன பித்தளைப் பின்னை பிளாஸ்டிக் ப்ளக்கின் ஓட்டைக்குள் பின்பக்கமாக நுழைப்பது. நுழைக்கும்போது உள்ளே 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரும். பின்னின் முதுகில் இருக்கிற சின்ன நாக்கு போய் மாட்டிக்கொள்ளும் சத்தம் அது. பிறகு ஒயரை மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். வரக்கூடாது. வந்தால் உள்ளே மாட்டவில்லை என்று அர்த்தம். சொல்லிக்கொடுத்தவர் இந்தியில் ஒன்று சொன்னார், இங்கிலீஷில் ஒன்று சொன்னார். நாங்கள் எங்களுக்குள் "தள்ளு, கேளு, இழு" என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் தள்ளுவேன், கேட்பேன், இழுப்பேன். வீட்டில் தூங்கும்போதும் என் விரல் பாயின் கோரையை இழுத்துக்கொண்டிருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

வண்டி கம்பெனிக்குப் போக ஆரம்பித்து நாலு மாசம் எந்தக் குறையும் இல்லை. ஒருநாள் காலையில் கேட்டில் இருந்த செக்யூரிட்டி வேனை நிறுத்தினார். பம்பரில் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் காட்டி, இனிமேல் காம்பவுண்டுக்குள் வரும் எந்த வண்டியிலும் எதுவும் தொங்கக்கூடாது, புது உத்தரவு என்றார். சொல்லிக்கொண்டே பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டியும் போட்டுவிட்டார். முந்தின நாள்தான் அமாவாசை. அண்ணா புதிதாகக் கட்டியிருந்தார். அந்தப் பழம் தரையில் உருண்டு டயருக்கடியில் போனதைப் பார்த்தபோது அவர் முகம் சுருங்கிய சுருக்கம் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடி வழியாக எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, திருஷ்டி கழிக்காமல் எப்படி ஓட்டுவது என்று தனக்குத்தானே முனகினார்.

எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே. முன்சீட்டிலிருந்து எட்டிச் சொன்னேன்.

"அதுக்கு ஏண்ணா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறீங்க? பானட்டுக்குள்ள கட்டுங்க. தெறந்து பாக்கவா போறாரு அந்தாளு?"

அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு சந்தோஷம். "வக்கீலம்மா, ஒனக்கு மூளை கீது" என்றார். அன்றையிலிருந்து எனக்கு வக்கீலம்மா என்றே பெயர் ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே பானட்டைத் திறந்து உள்ளே கட்டிவிட்டார். கேட்டில் ஒரு வார்த்தை வரவில்லை. நானும் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு வாரம் நடந்தேன்.

அடுத்த அமாவாசை போன மறுநாள் வேன் நின்றது.

காலையில் திருமுக்கூடல் பாலத்துக்கு முன்னால். ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற பலகையில் சிவப்பு லைட் ஒன்று எரிந்ததும் மூச்சை விட்டுவிட்டது. சாவியைத் திருப்பினால் சுற்றியது, பிடிக்கவில்லை. அண்ணா உத்திரமேரூர் பஜாரில் இருந்த பாய்க்குப் போன் போட்டார். பாய் ஸ்பேர்ஸ் கடையும் வைத்திருந்தார், அதே கடை வாசலில் மெக்கானிக் வேலையும் பார்த்தார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, கையில் மட்டும் எப்போதும் கறுப்பு. ஸ்கூட்டரில் வந்து பானட்டைத் திறந்தவர், ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ப்ரஷர் ஸ்விட்ச்சு போய்ட்ச்சுப்பா."

எங்களுக்கும் புரியும்படி விளக்கினார். டாங்கியிலிருந்து டீசலைப் பம்பு தள்ளிக்கொண்டு வரும். ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். டீசல் போதுமான அழுத்தத்தோடு வருகிறது என்றால் அந்த ஸ்விட்ச் உள்ளே சேர்ந்துகொண்டு, வண்டியின் மூளையாக இருக்கிற பெட்டிக்குச் சேதி சொல்லும். சேதி வராவிட்டால், டீசல் வரவில்லை போலிருக்கிறது என்று பெட்டி இன்ஜினை நிறுத்திவிடும். நல்லதுக்குத்தான் நிறுத்தும். காற்றை இழுத்து இன்ஜின் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே. பாய் புது ஸ்விட்சைப் போட்டு, ப்ளக்கை அழுத்தி மாட்டினார். வண்டி பாடிக்கொண்டு போனது. நாங்கள் ஒன்றரை மணி நேரம் லேட். கம்பெனியில் அரை நாள் போயிற்று.

அன்று சாயங்காலம் வேனில் ஒரே பேச்சு திருஷ்டியைப் பற்றித்தான். ஒருத்தி சொன்னாள், ஒரு பழம் பத்தாது, மூன்றாகக் கட்டணும் என்று. இன்னொருத்தி படிகாரம் கட்டச் சொன்னாள். அண்ணா எல்லாவற்றையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். மறுநாள் பானட்டுக்குள் எலுமிச்சம்பழம் மூன்றாகிவிட்டது. நல்ல கனமான படிகாரக் கல் ஒன்று கறுப்புக் கயிற்றில் சேர்ந்துகொண்டது.

ஒரு மாசம் ஓடியது. மறுபடி அமாவாசை, மறுபடி மறுநாள் நின்றது. இந்த முறை வாலாஜாபாத் தாண்டி. பாய் வந்து ஃபில்டரை மாற்றினார், டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்தார், இன்னொரு ஸ்விட்சைப் போட்டார். "கம்பெனியே டூப்ளிகேட்டு மாலு அனுப்பறான் போல, பேஜாரா போச்சு" என்று தாடியைச் சொறிந்தார். அவர் ஸ்விட்சை மாற்றியதும் வண்டி ஓடியதுதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது. ஓடிவிட்டதே, அப்படியென்றால் அதுதானே கோளாறு? யாருக்கும் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை. தினமும் ப்ளக்கில் பின் நுழைத்துக்கொண்டிருந்த எனக்குக்கூடத் தோன்றவில்லை. என் வேலை கம்பெனிக்குள் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி வெளியே வந்தார். பதினெட்டு பெண்கள் முன்னாலேயே அண்ணாவிடம் சொன்னார்: "இன்னொரு தடவை பொண்ணுங்க லேட்டா வந்தா, இந்த ரூட்டை வேற வண்டிக்குக் குடுத்துடுவேன். எட்டு மணிக்கு கேட்டுக்குள்ள இருக்கணும். எட்டு அஞ்சு கிடையாது." அண்ணா தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது முகம் சுருங்கவில்லை, வெளிறியிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாகிவிட்டது. அவருக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேறு வண்டி என்றால் நைனா என்னை அனுப்பமாட்டார். அவருடைய வேன் போனால் என் வேலையும் போச்சு. மறுபடி வேர்க்கடலைதான்.

அந்த மாசம் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. விடியற்காலையில் எழுந்து பாய் கடைக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டு வருவார். அமாவாசையன்று வேனுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். பானட்டுக்குள் பழம் ஐந்தாயிற்று. "எத்தினி பேரு கண்ணு இந்த வண்டி மேல" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நிஜத்தில் அந்த வேனின் மேல் ஆசையோடு கண் வைத்திருந்தது அவர் ஒருத்தர்தான்.

அமாவாசைக்கு மறுநாள் காலை. ஏறும்போது எல்லோரும் வாய்க்குள்ளே வேண்டிக்கொண்டுதான் ஏறினோம். வாலாஜாபாத் தாண்டினோம். அண்ணா ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்துக்கொண்டே ஓட்டினார். தென்னேரி ஏரிக்கரை தெரிந்ததும் எங்களுக்கு மூச்சு வந்தது. இனி என்ன, கொஞ்ச தூரம்தான். அப்போதுதான் சிவப்பு லைட் எரிந்தது.

வண்டி ஓரமாக உருண்டு நின்றது. மணி ஏழு இருபது. அங்கிருந்து கம்பெனிக்கு இருபது நிமிஷம். அண்ணா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் மெதுவாகப் போனை எடுத்துப் பாய்க்குப் போட்டார். பாய் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றது எங்களுக்கே கேட்டது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். "போன இங்க குடுங்கண்ணா" என்று பிடுங்கினேன்.

"பாய், ரெண்டு மாசமா அதே ஸ்விட்ச்ச மாத்திக்கினு கீறீங்களே, வேற இன்னா தெரியும் ஒங்களுக்கு?"

பாய் நிதானமாகக் கேட்டார். "யாரு, வக்கீலம்மாவா? நாஷ்டாகூட துன்னல நானு. கத்தாத. பானட்ட தெறக்கச் சொல்லு. நான் சொல்றத செய்றியா?"

இறங்கினேன். அண்ணா பானட்டைத் தூக்கினார். எலுமிச்சை வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து அடித்தது. பாய் சொன்னபடி ஃபில்டர் மேல் இருந்த ஒரு திருகை அண்ணா லேசாகத் தளர்த்தினார். சாவியைப் போட்டதும் டீசல் பீச்சிக்கொண்டு வந்து அவர் சட்டையை நனைத்தது. போனில் சொன்னேன்.

"அப்ப டீசலு வருது. பம்பு நல்லா கீது. ஸ்விட்ச்சுதாம்மா."

"மூணாவது ஸ்விட்ச்சுமா கெட்டுப் போவும்? அப்படி எந்தக் கடையில வாங்கறீங்க?"

"என் கடையிலதான்" என்றார் பாய். கொஞ்சம் காரமாகவே சொன்னார். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டார். "சரி, ஒண்ணு பண்ணு. ஸ்விட்ச்சு தலையில ரெண்டு ஒயரு வர ப்ளக்கு கீது பாரு, அத கயட்டு. ப்ளக்குல ரெண்டு ஓட்டை இருக்கும். கம்பி எதனா வெச்சு ரெண்டையும் சேத்துப் புடி. ஸ்விட்ச்சு செய்ற வேலைய நீ கம்பியால செய்ற, அவ்ளோதான். சாவி போட்டா லைட்டு அணையணும். அணைஞ்சா ஸ்விட்ச்சு போய்ட்ச்சு. அணையலன்னா..." அவர் நிறுத்திவிட்டார்.

"அணையலன்னா?"

"அணையும்மா. நீ புடி."

கம்பிக்கு எங்கே போவது? பின்னால் நின்றவள் தன் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். அதன் இரண்டு காலையும் இரண்டு ஓட்டைக்குள் விட்டுப் பிடித்தேன். அண்ணா உள்ளே ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பினார்.

"எரியுதும்மா" என்று அவர் கத்தினார். "அணையல."

இன்னும் அழுத்திப் பிடித்தேன். அணையவில்லை. போனில் பாய் மெதுவாக, "அப்ப ஸ்விட்ச்சு இல்ல, ஒயரு" என்றார். இரண்டு மாசம் கழித்து அதைச் சொல்ல அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை. "எந்த எடத்துல வுட்டுப் போச்சுன்னு தேடணும். பெட்டி வரைக்கும் போவுது ஒயரு. அது ஒரு நாள் வேலைம்மா."

மணி ஏழரை. பஸ்ஸிலாவது போகலாமா என்று யாரோ கேட்டார்கள். அண்ணா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையில் அந்த ப்ளக்கை வைத்துக்கொண்டு நின்றேன். ஒயர் என்று பாய் சொன்னபோதும் என் மண்டையில் ஒன்றும் உதிக்கவில்லை. உதித்தது என் விரலுக்குத்தான். ஒரு ப்ளக் கையில் இருந்தால் அது என்ன செய்யுமோ அதைச் செய்தது. முதல் ஒயரைப் பின்னால் இழுத்தது. கெட்டியாக நின்றது. இரண்டாவதை இழுத்தது.

ஒயர் கையோடு வந்துவிட்டது.

முனையில் அந்தச் சின்ன பித்தளைப் பின். முதுகில் இருக்க வேண்டிய நாக்கு மடங்கி, பல்லில்லாத வாய் மாதிரி மழுங்கியிருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ப்ளக் மாட்டித்தான் இருக்கும். உள்ளே பின் பிடிப்பில்லாமல் பின்னால் நழுவி நிற்கும். பாய் ஒவ்வொரு முறையும் புது ஸ்விட்சில் ப்ளக்கை அழுத்தும்போது ஒயரையும் சேர்த்து முன்னால் தள்ளியிருப்பார், தொட்டுக்கொள்ளும், ஓடும். பிறகு மறுபடி நழுவும். இரண்டு நல்ல ஸ்விட்சுகளைத்தான் நாங்கள் கழற்றிப் போட்டிருந்தோம்.

"ஊக்கு குடுங்கடி" என்றேன். ஏழெட்டு ஊக்கு ஒரே நேரத்தில் நீண்டது. ஒன்றின் நுனியால் அந்த நாக்கை மெல்ல நிமிர்த்தினேன். உடைந்துவிட்டால் தீர்ந்தது. பின்னை ஓட்டைக்குள் தள்ளினேன். லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது, சத்தம் கேட்கவில்லை. "சும்மா இருங்க எல்லாரும்" என்று அதட்டினேன். அவர்கள் சும்மாதான் இருந்தார்கள். வெளியே எடுத்து, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, மறுபடி தள்ளினேன்.

க்ளிக்.

பக்கத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பதினேழு பேரும் ஒரே வாயாக "இழு" என்றார்கள். இழுத்தேன். வரவில்லை. ப்ளக்கை ஸ்விட்சில் மாட்டினேன். சிவப்பு லைட் அணைந்தது. வண்டி ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. அவர்கள் போட்ட கூச்சலில் ஏரியில் இருந்த கொக்குகள் கிளம்பிவிட்டன. போனில் பாய், "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

பானட்டை மூடக் கையை வைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். நான் இழுத்த அதே ஒயரில், ப்ளக்கிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரு கறுப்புக் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. கயிற்றின் கீழே ஐந்து எலுமிச்சம்பழம், நடுவில் மிளகாய், அடியில் படிகாரக் கல். இன்ஜின் ஆட்டத்துக்கு ஏற்ப அது ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கல் ஒயரைப் பின்னால் இழுத்திருக்கிறது. ஒவ்வொரு அமாவாசைக்கும் பழையதை அறுத்துப் புதியதைக் கட்டும்போது அண்ணாவின் கையும் நன்றாக இழுத்திருக்கிறது. வண்டி நிற்க நிற்க அவர் பழத்தைக் கூட்டினார். பழம் கூடக் கூட வண்டி நின்றது.

அதை உள்ளே கட்டச் சொன்னது யார்?

அண்ணாவும் பார்த்தார். என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் முடிச்சை மெதுவாக, ஒயர் அசையாமல் அவிழ்த்து, பழத்தையெல்லாம் ஏரிக்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். ஏழு ஐம்பத்தெட்டுக்குக் கேட்டுக்குள் நுழைந்தோம். செக்யூரிட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

அன்று முழுக்கக் கம்பெனியில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பாயைப் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாயங்காலம் மானாம்பதியில் கடைசியாக இறங்குகிறவள் நான்தான். நைனா எப்போதும்போல் தெருமுனையில் சைக்கிளோடு நின்றிருந்தார். இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. நான் அழுது அண்ணா அதுவரை பார்த்ததில்லை.

"உள்ள கட்டச் சொன்னதே நாந்தாண்ணா."

"தெரியும்" என்றார்.

"ஒரு வார்த்தை திட்டுங்களேன். காலையிலேர்ந்து பேசாம வரீங்க."

"இன்னாத்துக்குத் திட்டறது? என் மூஞ்சி வாடிப்போச்சேன்னு சொன்ன நீ. ஒயருல கட்டுன்னா சொன்ன? அது என் புத்தி." அப்புறம் சிரித்தார். "பாய் மத்தியானம் போன் பண்ணாரு. கயட்டிப் போட்ட ஸ்விட்ச்செல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாராம். அத்தினியும் நல்லாதான் கீதாம். வக்கீலம்மாவ கடைக்கு இட்டாரச் சொன்னாரு. மொதல்ல ஒனக்கு டீ வாங்கித் தருவாராம், அப்புறம்தான் திட்டுவாராம்."

கீழே நைனா சைக்கிள் மணியை அடித்தார். "இன்னா, வண்டி நின்னுட்ச்சாமே?" எங்கள் ஊரில் சேதி எங்களைவிட முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும். எனக்கு உயிர் போனது. நின்றது என்று அண்ணா சொன்னால், நாளையிலிருந்து இந்த வண்டியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் நைனா.

அண்ணா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நிக்கப் பாத்துது நைனா. உன் பொண்ணு நிக்க வுடல." பிறகு தென்னேரிக் கதையை ஆதியிலிருந்து சொன்னார். ஹேர்பின்னை விடவில்லை, ஊக்கை விடவில்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் விட்டுவிட்டார். நைனா வீடு போகும்வரை சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

பாய் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். சொன்னபடி திட்டவும் செய்தார். நான் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படிக் கேட்டுக்கொண்டது அது ஒருமுறைதான். கடைசியில் அவர் ஒரு பழைய ப்ளக்கை என் கையில் கொடுத்து, அந்த 'க்ளிக்' எப்படி என்று காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அடுத்த அமாவாசையன்று சாயங்காலம், மானாம்பதியில் என்னை இறக்கிவிட்டுவிட்டு அண்ணா வண்டியை எடுக்கவில்லை. இறங்கி வந்து பானட்டைத் தூக்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரே ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு மிளகாய், கொஞ்சம் கயிறு எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எங்க கட்டணும்னு நீயே சொல்லு."

பானட்டின் உள்பக்கம் இருந்த இரும்புக் கொக்கியில், எந்த ஒயரும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டினேன். கட்டிய கையோடு ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

"க்ளிக்குன்னு கேட்டுச்சா?" என்றார் அண்ணா.

நைனா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தபடி நின்றிருந்தார். டீசல் கறை பட்ட என் கையைப் பார்த்தார். பிறகு அண்ணாவைப் பார்த்துச் சொன்னார்:

"இனிமே எந்த வண்டின்னாலும் போவட்டும் இது."

என் வேலைக்கு இனி எந்த ஆபத்தும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அண்ணாவின் முகம் சுருங்கியிருந்தது.

"அப்ப என் வண்டி?" என்றார்.

"காலையில அஞ்சே முக்காலுக்கு நிப்பேன்" என்றேன். "லேட்டா வந்தீங்க, அவ்ளோதான்."

வீட்டுக்குள் போய்க் கதவருகே நின்று கையை ஆட்டினேன். அதுவரை ஹெட்லைட் எங்கள் வாசலில்தான் எரிந்துகொண்டிருந்தது.